குழப்படியை விளையாடினால் குழப்படி வளருமா?

பிள்ளைகளின் விளையாட்டில் புதுமையைப் புகுத்துபவரே நாட்டுக்குப் பெரிய கேடு என்று பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலின் ஏழாம் பகுதியில் எச்சரிக்கிறார். வேறுவிதமாக விளையாடி வளர்ந்த பிள்ளைகள் வேறுவிதமான மனிதர்களாவார்கள், பிறகு வேறு சட்டங்களைத் தேடுவார்கள் என்பது அவர் அச்சம். இந்த அச்சம் இரண்டாயிரத்துச் சொச்ச ஆண்டுகளாக நாடகம், நாவல், படக்கதை, தொலைக்காட்சி என்று ஆள் மாறி ஆள் மாறித் தொற்றி, 2006 ஒக்டோபரில் அமெரிக்காவின் மியாமி நகர நீதிமன்றம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. அங்கே எதிரியாக நின்றது ரொக்ஸ்டார் நிறுவனத்தின் 'புல்லி' என்னும் வீடியோ கேம். ஒரு விடுதிப் பள்ளிக்குள் குழப்படி செய்து திரிவதுதான் அதன் கதை.

விளையாடுபவர் ஜிம்மி ஹொப்கின்ஸ் என்ற பதினைந்து வயதுப் பையனாகப் புல்வர்த் அக்கடமி என்னும் கற்பனைப் பள்ளியில் சேர்கிறார். பள்ளியும் அதைச் சுற்றிய ஊரும் திறந்து கிடக்கின்றன. எங்கே போவது, எதை முதலில் செய்வது என்பது அவர் விருப்பம். ஆனால் மணி அடிக்கும். வகுப்புக்குப் போகாமல் திரிந்தால் மாணவத் தலைவர்கள் துரத்திப் பிடிப்பார்கள். இரவு பதினொரு மணிக்குப் பின் வெளியே நடமாடுவது குற்றம். இரண்டு மணி ஆனால் ஜிம்மி நின்ற இடத்திலேயே சுருண்டு விழுவான். அவன் கையில் இருப்பவை கவண், முட்டை, மாபிள், நாற்றக்குண்டு, சொறித்தூள், பட்டாசு. துப்பாக்கி இல்லை, எவரும் சாவதில்லை. இரசாயனவியல் வகுப்பில் தேறினால் பட்டாசு செய்யப் பழகுகிறான். ஆங்கில வகுப்பில் தேறினால் மன்னிப்புக் கேட்கும் திறமை கூடுகிறது. சின்னப் பிள்ளையையோ பெண்பிள்ளையையோ பெரியவரையோ அடித்தால் அவன் மீதான குற்ற அளவு உடனே உச்சத்தைத் தொடும்.

விளையாட்டு வெளிவருமுன்பே மியாமி வழக்கறிஞர் ஜாக் தொம்சன் அதைத் தடுக்க வழக்குத் தொடுத்தார். நீதிபதி ரொனால்ட் பிரீட்மன் விளையாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு விற்பனைக்கு அனுமதித்தார். பிரித்தானியாவில் பெயரை மாற்றி விற்றார்கள்; அங்கும் சில பெரிய கடைகள் வாங்கி வைக்க மறுத்தன. பிரேசிலில் 2008இல் ஒரு நீதிமன்றம் தடை விதித்தது. 2016 டிசெம்பரில் கைத்தொலைபேசிப் பதிப்பு வந்த பிறகு, எந்த நாட்டுப் பிள்ளைக்கும் எட்டும் பொருளாக அது ஆகிவிட்டது.

மட்டக்களப்பு வாவி நடுவே உள்ள புளியந்தீவிலிருந்து இந்தக் கேள்வியைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. விடுதிப் பள்ளி என்ற அமைப்பு இரு நூற்றாண்டுகளாக இங்கே வேரோடியிருக்கிறது. விளையாட்டுக்கும் வன்முறைக்கும் இடையிலான எல்லை பற்றிய அரிய எழுத்துகள் சில இந்த மாவட்டத்திலிருந்தே பிறந்தவை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உலக அளவில் நடக்கும் விவாதம் தவறவிட்ட ஒரு பக்கம் தெரிகிறது.

விடுதிப் பள்ளியின் வழிவந்த கதை

மாணவரை மாணவரே அடக்கி ஆளும் மாணவத் தலைவர் முறைக்குத் தனி மதிப்புக் கொடுத்தவர் 1828 முதல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியை நடத்திய தோமஸ் ஆர்னல்ட். அந்தப் பள்ளியின் பழைய மாணவர் தோமஸ் ஹியூஸ் 1857இல் எழுதிய 'டொம் பிரவுண்ஸ் ஸ்கூல் டேஸ்' ஓர் அச்சு வார்ப்பைத் தந்தது: புதுப் பையன், கொடுமை செய்யும் பெரியவன், எதிர்த்து நிற்கும் நட்பு, தொலைவில் ஓர் அதிபர். கிப்ளிங் அந்த வார்ப்பைப் புரட்டிப் போட்டார். 1899இல் வந்த அவரது 'ஸ்டால்கி அன்ட் கோ'வில் விதி மீறுபவர்களே நாயகர்கள். எனிட் பிளைட்டன் அதைப் பெண்பிள்ளைகளின் விடுதிக்குக் கொண்டுபோனார். 'புல்லி' இந்த வரிசையில் கடைசியாக வந்த பிள்ளைதான்.

இந்த வகைக் கதைகளை ஒருவர் வேறு கோணத்தில் எதிர்த்தார். ஜோர்ஜ் ஓர்வெல் 1940இல் சிறுவர் வார இதழ்கள் பற்றி எழுதிய கட்டுரையில், குறும்பு கெடுக்கும் என்று அவர் சொல்லவில்லை. பள்ளிக் கதைகள் பணக்காரப் பள்ளியின் பெருமையை ஏழைப் பிள்ளையின் மனத்தில் பதிக்கின்றன என்பதே அவர் குற்றச்சாட்டு. காசுக்காரப் பிள்ளைகள், படிப்பாளிகள், விளையாட்டு வீரர்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்கும் புல்வர்த் மாணவரைப் பார்க்கையில் ஓர்வெல்லின் கேள்வி இன்னும் உயிரோடிருப்பது தெரிகிறது. ஆனால் 2006இன் ஆரவாரத்தில் அதைக் கேட்டவர்கள் குறைவு.

புளியந்தீவுக்கு அந்தப் பள்ளி முறை மிஷனரிகளோடு வந்தது. மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்பில் இறங்கினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் தொடக்கிய பணியே மெதடிஸ்த மத்திய கல்லூரியாகத் தொடர்ந்தது. 1895இல் பிரெஞ்சு இயேசு சபையினரும் பின்னர் அமெரிக்க இயேசு சபையினரும் வந்தார்கள். புனித மிக்கேல் கல்லூரி அவர்கள் கையில் வளர்ந்தது. சுவாமி விபுலானந்தர் இளமையில் படித்த பள்ளிகளில் அதுவும் ஒன்று. அவரே வாவிக்கு அப்பால், கல்லடியில், 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை அமைத்து இராமகிருஷ்ண மிஷன் வழியில் வேறொரு விடுதி மரபுக்கு இடம் கொடுத்தார். பாலங்களும் பேருந்துகளும் அரிதாயிருந்த காலத்தில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பிள்ளைக்கு மேற்படிப்பு என்றால் பெரும்பாலும் விடுதி வாழ்க்கைதான்.

இயேசு சபையினரின் 1599ஆம் ஆண்டுக் கல்வி விதித்தொகுப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. மாணவனை அடிக்க வேண்டி வந்தால் ஆசிரியர் அடிக்கக் கூடாது. சபைக்கு வெளியிலிருந்து அதற்கென ஒருவரை வைக்க வேண்டும். கற்பிக்கும் கை வேறு, தண்டிக்கும் கை வேறு. பள்ளியில் குறும்பு என்பது தண்டனையோடு சேர்ந்தே வரையறுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இலங்கையில் 1960, 1961 சட்டங்கள் உதவி பெறும் பள்ளிகளை அரசின் கீழ் கொண்டுவந்தன. 2005ஆம் ஆண்டுக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உடல்தண்டனையை விலக்கியது. பிரம்பு போன பிறகு குழப்படிக்கு என்ன பொருள் என்பதை நம் கல்வி எழுத்தாளர்கள் இன்னும் போதிய அளவு எழுதவில்லை.

பார்த்தது ஒட்டும் என்பவர்கள்

முதல் தரப்பு பிளேட்டோவின் தரப்பு: செய்து பார்ப்பது பழக்கமாகும். இதற்கு ஆய்வுக்கூட வடிவம் கொடுத்தவர் அல்பர்ட் பண்டூரா. 1961இல் அவர் நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த சிறுபிள்ளைகள் தாங்களும் அதேபோல் அடித்தார்கள். கிரேக் அண்டர்சனும் பிராட் புஷ்மனும் 2001இலும், அண்டர்சன் குழுவினர் 2010இலும் வெளியிட்ட தொகுப்பாய்வுகள் வன்முறை விளையாட்டுகளுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு காட்டின.

இந்தத் தரப்பின் பலவீனம் அளவையில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் 'முரட்டு நடத்தை' என்று கணக்கிடப்படுவது பல வேளைகளில் எதிராளியின் காதில் எவ்வளவு சத்தம் வைத்தார், அவருக்குச் சாப்பிட எவ்வளவு உறைப்புக் குழம்பு ஊற்றினார் என்பவைதான். அதிலிருந்து விடுதி மாடிப்படியில் ஒரு பிள்ளையைத் தள்ளுவது வரை நீண்ட தூரம். கிறிஸ்தோபர் பெர்குசன் போன்றோர் இதை விடாமல் சுட்டிக்காட்டினார்கள். ஒக்ஸ்போர்ட்டின் அன்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் 2019இல், 14, 15 வயதுப் பிரித்தானியப் பிள்ளைகள் ஏறத்தாழ ஆயிரம் பேரை வைத்து, பகுப்பாய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு ஆராய்ந்தபோது தொடர்பு எதுவும் தென்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஒரு தொகுப்பாய்வு, காலப்போக்கில் பின்தொடர்ந்த 24 ஆய்வுகளை, 17,000 பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்து, சிறிய தொடர்பொன்று இருப்பதாகச் சொன்னது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2020 நிலைப்பாடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கத்துதல், தள்ளுதல் போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு, பெரும் வன்முறைக்குக் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது. 'புல்லி'யின் உலகமே கத்துவதும் தள்ளுவதும்தான் என்பதால், அந்தச் சிறு தொடர்பை இந்த விளையாட்டைப் பொறுத்தமட்டில் அலட்சியம் செய்ய முடியாது.

வடிகால் என்பவர்கள்

எதிர்த்தரப்பு அரிஸ்டோட்டிலிடம் இருந்து வருகிறது. நாடகத்தில் அச்சமும் இரக்கமும் பொங்கி வடிவதுபோல், விளையாட்டில் முரட்டுத்தனம் வடிந்துவிடும் என்பது இவர்கள் நம்பிக்கை. இது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பிடித்த விளக்கம். சோதனையில் மட்டும் தேறவில்லை. புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம் தணியவில்லை, ஏறியது.

ஆயினும் ஒரு பழைய ஆய்வை இங்கே தாண்டிப் போக முடியாது. சீமோர் பெஷ்பாக், ரொபர்ட் சிங்கர் என்ற இருவர் 1971இல் வெளியிட்டது அது. அமெரிக்காவில் விடுதியில் வாழும் சிறுவர் சுமார் 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஆறு வாரம் ஒரு பகுதியினருக்கு வன்முறை மிகுந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் மற்றவர்களுக்குச் சாதுவானவற்றையும் காட்டினார்கள். சாதுவானதைப் பார்த்தவர்களே கூடுதலாக அடிபிடிப்பட்டார்கள். ஆனால் இந்த முடிவு சிறுவர் இல்லங்களில் மட்டுமே கிடைத்தது. பணம் கட்டிப் படிக்கும் தனியார் விடுதிப் பள்ளிகளில் கிடைக்கவில்லை. தமக்குப் பிடித்த நிகழ்ச்சியைப் பறித்ததால் அந்தப் பிள்ளைகளுக்குக் கோபம் வந்திருக்கலாம் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அந்த விமர்சனம் சரியாக இருந்தால் ஆய்வு இன்னும் முக்கியமாகிறது. நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தைவிட, வேறு எதையும் தெரிவு செய்ய முடியாத பிள்ளையிடமிருந்து அதையும் எடுத்ததே நடத்தையை மாற்றியது என்றல்லவா ஆகும்? வடிகாலை நிறுவ வந்த ஆய்வு, விடுதியின் தன்மையை நோக்கிக் கைகாட்டிவிட்டது. அந்தத் திசையில் பின்னர் நடந்தவர்கள் அதிகமில்லை.

எல்லை கட்டிய விளையாட்டு

மூன்றாம் தரப்பு ஒட்டுமா வடியுமா என்ற கேள்வியையே தள்ளிவைக்கிறது. யொஹான் ஹைசிங்கா 1938இல் எழுதிய 'ஹோமோ லூடென்ஸ்', விளையாட்டு என்பது இடமும் நேரமும் வரையறுத்த, விரும்பி நுழைகிற தனி உலகம் என்றது. குரங்குகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுவதைப் பார்த்த கிரகரி பேட்சன், 'இது விளையாட்டு' என்ற சைகை இருக்கும்வரை கடி கடியாகாது என்று 1955இல் விளக்கினார்.

மட்டக்களப்பில் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) போன்ற நூல்களால் அறியவரும் கொம்புமுறி விளையாட்டு கண்ணகி வழிபாட்டோடு பிணைந்தது. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவி, கயிறு கட்டி, இரு சேரியாரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். கொம்பு ஒன்று முறியும். வென்ற சேரி தோற்ற சேரியை ஏசிப் பாடும். மற்ற நாளில் வாயில் எடுக்கக் கூடாத சொல்லும் அன்று செல்லும். சடங்கு, கண்ணகியைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு அடங்கும். கண்ணகியைப் பத்தினியாக வழிபடும் சிங்கள ஊர்களில் இதன் இணையான அங்கெலியவை ஆராய்ந்த கணநாத் ஒபேசேகர, 1984இல் வந்த பத்தினி வழிபாடு பற்றிய தம் பெருநூலில் அந்த ஏச்சுக்கும் அவமானத்துக்கும் உளப்பகுப்பாய்வு வழியில் விளக்கம் தந்தார். அவர் வாசிப்பு வடிகால் தரப்புக்கு நெருக்கமானது. எனக்கு அதைவிடக் கணிசமாகப் படுவது சடங்கின் கட்டமைப்பு. ஏசுபவன் யார், ஏச்சு வாங்குபவன் யார் என்பது முன்கூட்டி எவருக்கும் தெரியாது. கொம்பு முறிந்தால்தான் தெரியும். முழு ஊரும் பார்த்து நிற்கும். முடிவு உண்டு. இந்த மூன்றும் இருக்கும்வரை கடுஞ்சொல் விளையாட்டாகவே நிற்கிறது.

இந்தத் தரப்பை மடக்குவது, புதிய மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்தும் பகிடிவதை. அதுவும் தன்னைப் பகிடி என்றே சொல்லிக்கொள்கிறது. மூத்தோர் மரபு, கூடி மகிழ்தல், பயம் தெளிவித்தல் என்றெல்லாம் நியாயம் பேசுகிறது. ஆனால் வதை படுபவர் யார் என்பது முன்னரே தீர்மானமாகியிருக்கும். வேடிக்கை பார்ப்பவர்களும் அதே கூட்டத்தார். முடிவு எப்போது என்று புதியவருக்குத் தெரியாது, எழுந்து போகவும் முடியாது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு நிறைவேறிய 20ஆம் இலக்கச் சட்டம், உடலுக்கோ மனத்துக்கோ தீங்கையோ அச்சத்தையோ விளைவிக்கும் செயல் என்று பகிடிவதையை வரையறுத்து, இரண்டு ஆண்டு வரையான கடூழியச் சிறைத் தண்டனையும் பாலியல் தொல்லையோ கொடுங்காயமோ நேர்ந்தால் பத்து ஆண்டு வரையும் விதித்தது. 'இது விளையாட்டு' என்ற சைகையைக் காட்டுபவரே அதிகாரம் உள்ளவராகவும் இருக்கும்போது பேட்சனின் விளக்கம் கைகொடுக்காது.

விதிகளே பேசும் என்பவர்கள்

இயன் போகோஸ்ட் 2007இலும் மிகுவேல் சிகார்ட் 2009இலும் எழுதிய நூல்களால் வலுப்பெற்றது நான்காம் தரப்பு. விளையாட்டு தன் காட்சிகளால் பேசுவதைவிட விதிகளால் பேசுகிறது. ஆகவே எதைச் செய்ய விடுகிறது, எதற்கு என்ன விலை வைக்கிறது என்று பாருங்கள் என்பார்கள் இவர்கள். இப்படிப் பார்த்தால் 'புல்லி' ஓரளவு நேர்மையான விளையாட்டு. பலவீனரை அடிப்பதற்குப் பெரிய விலை; வகுப்புக்குப் போவதற்குப் பயன்; மன்னிப்பு ஒரு பயிலத்தக்க கலை. பெயரைக் கேட்டுத் தடை கோரியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

ஆனால் விதிகள் மறைப்பதும் உண்டு. நம் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று இருக்கிறது. சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாட, பாட்டுடைத் தலைவனான பிள்ளை வந்து காலால் சிதைப்பான். அங்கே பேசுவது யார்? வீட்டைக் கட்டிய சிறுமியர். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சும் குரலில்தான் அந்தப் பாடல்கள் அமைகின்றன. குறும்பைக் கொண்டாடும் மரபுதான், ஆனால் உடைபட்டவரின் வாயால் கொண்டாடுகிறது. 'புல்லி'யில் முட்டையடி வாங்கிய பிள்ளை ஒரு வசனம் சொல்லிவிட்டு ஓடி மறைகிறான். அவனாக நின்று அந்த இரவைக் கழிக்க விளையாடுபவருக்கு வழியில்லை. ஜிம்மியும் அடி வாங்குகிறான் என்பது உண்மை, ஆனால் அவன் திருப்பி அடிக்கத் தெரிந்தவன். விதிகளை வாசிக்கும் ஆய்வாளர்கள் இந்தக் குறையை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

போர்க்காலத்து விளையாட்டு

மேலே சொன்ன தரப்புகள் பெரும்பாலும் அமைதியான ஊர்களின் பிள்ளைகளை வைத்து உருவானவை. மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக் 1990களின் பிற்பகுதியில் மட்டக்களப்பு மாவட்டத்தில் தங்கி, போருக்குள் வளரும் பிள்ளைகளையும் ஆயுதம் ஏந்திய இளையோரையும் கவனித்து எழுதிய 'எனிமி லைன்ஸ்' 2007இல் வெளிவந்தது. போர், பிள்ளைப்பருவம், விளையாட்டு மூன்றும் அந்நூலின் துணைத்தலைப்பிலேயே அருகருகே நிற்கின்றன. விளையாட்டின் எல்லைக்கோடு அங்கே அடிக்கடி அழிந்தது. போராடச் சென்றவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள்; அவர்கள் சிரித்தார்கள், சீண்டினார்கள், ஆபத்தோடு விளையாடினார்கள். இதைப் பதிவு செய்யும் எழுத்து, சிறுவரைப் படையில் சேர்த்த கொடுமையை மென்மையாக்கிவிடுமோ என்ற ஐயம் வாசிப்பவருக்கு எழுவது இயல்பு. என்றாலும் விளையாட்டு எப்போதும் வாழ்க்கைக்கு வெளியே நிற்கும் தனி உலகம் என்ற ஹைசிங்காவின் வரையறைக்கு இதைவிட வலுவான மறுப்பு கிடைப்பது கடினம்.

அதே காலத்தில் அதே மாவட்டத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. 1996இல் மட்டக்களப்பில் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் முன்னின்று வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து வந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், வேடம் போட்டார்கள். மருந்தும் பாடமும் எட்டாத இடத்துக்கு விளையாட்டு போகும் என்ற நம்பிக்கையே அதன் அடிப்படை. இதை வடிகால் என்று சுருக்கிவிட முடியாது. அங்கே பிள்ளை தன் கோபத்தை வெளியேற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பவில்லை. வேற்றூர்ப் பிள்ளையோடு சேர்ந்து ஒன்றைச் செய்துவிட்டுத் திரும்பியது.

எஞ்சி நிற்கும் கேள்விகள்

இத்தனை தரப்புகளையும் எடைபோட்டால், குழப்படியை விளையாடுவது குழப்படியை வளர்க்கும் என்ற அச்சத்துக்கு உள்ள ஆதாரம் மெலிது. ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் இடமில்லை. வடிகால் வாதம் அதைவிட மெலிது. எல்லை கட்டிய விளையாட்டு என்ற விளக்கமே இருப்பதில் உறுதியானது, ஆனால் அதை ஒரு நிபந்தனையோடுதான் ஏற்க முடியும்: உள்ளே இருப்பவர் ஒவ்வொருவரும் வெளியேறக் கூடியவராக இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் ஜிம்மியை ஆட்டுவிக்கும் பிள்ளை பொத்தானை அமுக்கி வெளியேறலாம். விடுதியில் பகிடிக்கு ஆளான பிள்ளைக்கு அந்தப் பொத்தான் இல்லை.

திறந்த உலகம் என்று சொல்லப்படும் விளையாட்டு, திறந்த உலகம் இல்லாத பிள்ளையிடம் வேறாக வேலை செய்யுமா என்பது விடை காணாத முதற் கேள்வி. அளந்து பார்த்த ஆய்வுகளில் பெரும்பகுதி, மாலையில் வீட்டுக்குத் திரும்பும் மேலைநாட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. ஒருவர் தனியே திரையில் செய்யும் குறும்புக்கும் ஊர் கூடிப் பார்த்து நிற்கும் குறும்புக்கும் உள்ள வேறுபாட்டை எந்த அளவையும் இதுவரை சரியாகப் பிடிக்கவில்லை என்பது இரண்டாவது. கொம்புமுறியில் இருந்த சாட்சிகள் திரைக்கு முன்னால் இல்லை. மூன்றாவது 1971இலிருந்தே கிடப்பில் கிடக்கிறது. சிறுவர் இல்லத்தில் ஒரு விதமாகவும் வசதியான விடுதிப் பள்ளியில் வேறு விதமாகவும் பிள்ளைகள் நடந்துகொண்டது ஏன்? போரும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியும் சிறுவர் இல்லங்களைப் பெருக்கிய மாவட்டம் இது. பழைய கல்லூரி விடுதிகளும் இந்த இல்லங்களும் ஒரே வாவிக் கரையில் இருப்பதால், பெஷ்பாக்கும் சிங்கரும் விட்ட இடத்திலிருந்து ஆய்வைத் தொடர மட்டக்களப்பு பொருத்தமான களம். அப்படித் தொடங்குபவர்கள் எந்த விளையாட்டை அனுமதிப்பது என்று பராமரிப்பாளரிடம் கேட்பதற்கு முன்னால், இரவு விளக்கணைந்த பிறகு விடுதியில் யாருக்கு யாரிடம் பயம் என்று அங்கே வாழும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியிருக்கும்.